இரண்டு மீற்றர் நூல்

(நூற்றாண்டு விழாவில் நடைபெற்ற ‘மீண்டும் வகுப்பறையில்’ நிகழ்வில், 1993ஆம் ஆண்டு உயர்தர உயிரியற் பிரிவு மாணவியர் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



விழாக் குழுவினர் ஒவ்வொரு வகுப்பினரிடமும் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்கள். இங்கே படித்த பாடங்களில் இன்றும் மறக்காத ஒன்றை எடுத்து, எல்லோருக்கும் விளங்கும்படி திரும்பச் சொல்லுங்கள் என்றார்கள். எங்கள் வகுப்பில் நாங்கள் பதினொரு பேர். இப்போது எங்களில் டொக்டர்கள் இருக்கிறார்கள், ஆசிரியைகள் இருக்கிறார்கள், ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்பவர் இருக்கிறார், வீட்டையும் பேரப்பிள்ளைகளையும் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். நாலு நாடுகளிலிருந்து மூன்று வாரம் வாட்ஸ்அப்பில் வாதாடித்தான் இந்த உரையைச் சேர்ந்து எழுதினோம். வாசிக்கும் குரல் ஒன்று, சொல்வது பதினொரு பேரும்.

1993இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். நுணுக்குக்காட்டி இருந்தது, பார்ப்பதற்கு வெயில் வரவேண்டும். அப்படி ஒரு நாள் எங்கள் உயிரியல் ரீச்சர் வகுப்புக்கு ஒரு தையல் நூல்கட்டையும் ஒரு வெற்று நெருப்புப் பெட்டியும் கொண்டுவந்தார். ரீச்சர் இன்று முன்வரிசையில்தான் இருக்கிறார். பெயர் சொல்லக்கூடாது என்று கட்டளை. நூல் முழுவதையும் அவிழ்த்து மேசையில் போட்டுவிட்டு, “இதைப் பெட்டிக்குள் வையுங்கள். ஆனால் நான் கேட்கும்போது எந்த இடத்தையும் சிக்கில்லாமல் எடுத்துக் காட்டவேண்டும்” என்றார். பெட்டிக்குள் திணிக்க ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது. நடுவிலிருந்து ஒரு முழம் எடுத்துக் காட்ட மட்டும் பாடவேளை முடியும்வரை எங்களால் இயலவில்லை.

“உங்களுடைய ஒவ்வொரு கலமும் இதைத்தான் செய்கிறது” என்று அவர் சொன்னதுதான் இன்றைய பாடம்.

முதலில் அளவைப் பார்ப்போம். டி.என்.ஏ. என்பது இரண்டு இழைகள் ஒன்றையொன்று சுற்றிய முறுக்கு நூல். தடிப்பு 2 நனோமீற்றர். அதில் ஏ, ரீ, ஜீ, சீ என்று நாலு எழுத்துகள். ஓர் இழையில் ஏ இருக்குமிடத்தில் மற்றதில் ரீ, ஜீ இருக்குமிடத்தில் சீ. மனிதக் கலம் ஒன்றில் ஏறத்தாழ 640 கோடி எழுத்துச் சோடிகள் இருக்கின்றன. 46 துண்டுகளாக இருக்கும் அந்த நூலை நீட்டி ஒட்டினால் இரண்டு மீற்றர் வரும். அது அடங்கியிருக்கும் கருவின் விட்டமோ ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு.

ரீச்சர் இதைப் பெருப்பித்துக் காட்டினார். டி.என்.ஏ.யை இலட்சம் மடங்கு பெருப்பித்தால் அது தையல் நூலின் தடிப்புக்கு வரும். அப்போது நீளம் 200 கிலோமீற்றர், அதாவது ஏறத்தாழ யாழ்ப்பாணத்திலிருந்து அநுராதபுரம் வரை. அத்தனை நூலையும் ஒரு மீற்றருக்கும் குறைந்த அகலமுள்ள பந்துக்குள் வைக்கவேண்டும். எங்கள் குடலில் வாழும் ஈ.கோலை என்ற பற்றீரியாவுக்கும் இதே பாடு உண்டு. அதனுடைய நூல் 46 இலட்சம் எழுத்துச் சோடி, நீளம் ஒன்றரை மில்லிமீற்றருக்குச் சற்று மேல். உடல் நீளமோ ஒரு மில்லிமீற்றரின் ஐந்நூறில் ஒரு பங்கு. தன்னைப் போல எண்ணூறு மடங்கு நீளமான நூலை அது வயிற்றுக்குள் வைத்திருக்கிறது.

நூல் இரண்டு பேருக்கும் ஒன்றுதான், எழுத்தும் ஒன்றுதான். மடிக்கும் முறையும் நகலெடுக்கும் முறையும்தான் வேறு. இந்த வேறுபாட்டில்தான் எங்கள் தாய்மாரின் உயிர் ஒரு காலத்தில் தங்கியிருக்கும் என்பது அன்று எங்களுக்குத் தெரியாது. அதைப் பிறகு சொல்கிறோம்.

பற்றீரியாவுக்குக் கரு என்று ஓர் அறை இல்லை. அதன் நூலுக்கு முனையும் இல்லை. பெரும்பாலான பற்றீரியாக்களில் அது ஒரே வளையம். இதை மடிப்பது எப்படி? விடுதியில் இருந்த அக்காமாருக்கு இது உடனே விளங்கும். கிணற்றடியில் தோய்த்த சாறியை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்துப் பிழிவோம். முறுக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் சாறி தன்மேலே தானே சுருண்டு பாதி நீளமாகிவிடும். பற்றீரியா செய்வது இதைத்தான். ஒரு சின்ன மாற்றம், அது நூலின் இயல்பான முறுக்குக்கு எதிர்த்திசையில் முறுக்குகிறது. அப்படிச் செய்யும்போது வளையம் சுருண்டு அடங்குகிறது, அதே நேரம் இரு இழைகளும் தேவைப்படும் இடத்தில் பிரிவதும் எளிதாகிறது. இந்த வேலையைச் செய்யும் நொதியத்தின் பெயர் கைரேஸ். அமெரிக்காவில் மார்ட்டின் கெலெர்ட்டும் உடனாய்வாளர்களும் 1976இல் அதைக் கண்டறிந்தார்கள். கைரேஸ் நூலின் இரு இழைகளையும் வெட்டும், வெட்டிய இடைவெளிக்குள்ளால் நூலின் இன்னொரு பகுதியைக் கடத்தும், பிறகு வெட்டை ஒட்டிவிடும். ஒவ்வொரு முறையும் சக்தி செலவழித்தே செய்யும். சுருண்ட நூலைச் சில சிறிய புரதங்கள் அங்கங்கே வளைத்தும் பிடித்தும் வைத்திருக்கும். வெட்டி ஒட்டும் அந்த ஒரு கணத்தை நினைவில் வைத்திருங்கள்.

இனி எங்கள் கலத்துக்கு வருவோம். மனிதர், மரம், பூனை, காளான் எல்லோரும் கரு உள்ள கலத்தார். நாம் நூலை முறுக்கி விடுவதோடு நிற்பதில்லை, மணியில் சுற்றுகிறோம். அந்த மணி ஹிஸ்டோன் என்ற புரதங்களால் ஆனது. 1884இல் ஜேர்மனியரான அல்பிரெக்ட் கொசெல் வாத்தின் செங்குருதிக் கலங்களிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். பறவைகளின் செங்குருதிக் கலத்தில் கரு உண்டு, எங்களுடையதில் இல்லை. டி.என்.ஏ. மறையேற்றம் கொண்டது, ஹிஸ்டோன் நேரேற்றம் கொண்டது, ஆகவே ஒன்றையொன்று இறுகப் பிடிக்கும். எட்டு ஹிஸ்டோன் சேர்ந்தால் ஒரு மணி. அதைச் சுற்றி 147 எழுத்துச் சோடி நீளத்துக்கு நூல் ஒன்றே முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றியிருக்கும். பிறகு கொஞ்சம் வெறும் நூல், பிறகு அடுத்த மணி. ஒவ்வொரு கருவிலும் ஏறத்தாழ 3 கோடி மணிகள். ஏடா ஒலின்ஸ், டொனால்ட் ஒலின்ஸ் என்ற தம்பதியர் 1974இல் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் இதைக் கோத்த மணிகளாகவே படமெடுத்துக் காட்டினார்கள். 1997இல் கரோலின் லூகர் என்ற பெண் விஞ்ஞானியும் உடனாய்வாளர்களும் ஒரு மணியின் உருவத்தை அணு அணுவாக வரைந்தார்கள்.

மணிக்கு மேலே என்ன? எங்கள் கொப்பியில் ‘மணிகள் சேர்ந்து 30 நனோமீற்றர் தடிப்புள்ள கயிறாகின்றன’ என்று எழுதிப் பாடமாக்கினோம். இன்று அப்படிச் சொல்வதில்லை. 2017இல் கலிபோர்னியாவின் சோல்க் நிறுவகத்தில் குளோடா ஓஷேயின் குழுவினர் முழுக் கருவுக்குள் பார்த்தபோது ஒழுங்கான கயிறு தென்படவில்லை. 5 முதல் 24 நனோமீற்றர் வரை தடிப்பு மாறும் வளைந்து நெளிந்த மாலைதான் இருந்தது. அது நெருக்கமாக அடுக்கிய இடமும் உண்டு, தளர்வாக விட்ட இடமும் உண்டு. கலம் பிரியும் நேரத்தில் மட்டும் கொண்டென்சின் என்ற புரத வளையங்கள் மாலையைக் கொசுவம் பிடிப்பதுபோல் தடம் தடமாக இழுத்து, நாம் நுணுக்குக்காட்டியில் பார்த்த கட்டையான நிறமூர்த்தமாக ஆக்குகின்றன. 8 சென்ரிமீற்றருக்கு மேல் நீளமான எங்கள் முதலாம் நிறமூர்த்தம் அப்போது ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பழைய விடை பிழை என்று தெரிந்ததும் நாங்கள் ரீச்சருக்குப் போன் எடுத்தோம். “நல்லது, கொப்பியைத் திருத்துங்கள்” என்றார்.

மடிப்பது இடத்தை மிச்சம் பிடிக்க மட்டும் அல்ல. இறுக மடித்ததை வாசிக்க முடியாது, தளர்த்தி வைத்ததை வாசிக்கலாம். ஈரல் கலத்திலும் நரம்புக் கலத்திலும் இருப்பது ஒரே நூல்தான். எந்தப் பக்கத்தை மூடி வைப்பது, எதைத் திறந்து வைப்பது என்பதில்தான் வேறுபாடு.

இதற்கு இந்த மண்டபத்தில் இருக்கும் எல்லோரும் சாட்சி. பெண்ணுக்கு எக்ஸ் நிறமூர்த்தம் இரண்டு, ஆணுக்கு ஒன்று. இரண்டையும் வாசித்தால் எங்களுக்கு எல்லாம் இரட்டிப்பாகிவிடும். ஆகவே நாம் தாய் வயிற்றில் சின்னஞ்சிறு கருவாக இருக்கும்போதே ஒவ்வொரு கலமும் இரண்டில் ஒன்றைத் தெரிந்து இறுக மடித்து ஓரமாக வைத்துவிடுகிறது. அதிலுள்ள சில பரம்பரையலகுகள் மட்டும் தப்பிக்கொள்ளும். கனடாவில் மறே பாரும் யூவாட் பெட்ரமும் 1949இல் பெண் பூனையின் நரம்புக் கலங்களில் அந்த மூட்டையைக் கண்டார்கள். அது மடித்து வைத்த எக்ஸ்தான், எது மடியும் என்பது கலத்துக்குக் கலம் வேறுபடும் என்பதை 1961இல் இங்கிலாந்தில் மேரி லயன் விளக்கினார். செம்மஞ்சளும் கறுப்பும் திட்டுத் திட்டாகக் கலந்த பூனை ஏன் அநேகமாக எப்போதும் பெட்டையாகவே இருக்கிறது என்ற கேள்விக்கும் இதுவே விடை. ஒரு திட்டில் அம்மாவின் எக்ஸ், அடுத்த திட்டில் அப்பாவின் எக்ஸ். எங்கள் மேனியும் அப்படித்தான், கண்ணுக்குத் தெரிவதில்லை.

சரி, மடித்ததை நகலெடுப்பது எப்படி? அடிப்படை விதி பற்றீரியாவுக்கும் எங்களுக்கும் ஒன்று. இரு இழைகளும் பிரியும், ஒவ்வோர் இழையையும் பார்த்து எதிர் இழை புதிதாக உருவாகும். ஆகவே பிறக்கும் ஒவ்வொரு நூலிலும் ஓர் இழை பழையது, ஓர் இழை புதியது. இதை 1958இல் கலிபோர்னியாவில் மெசல்சனும் ஸ்டாலும் ஈ.கோலையில் நிரூபித்தார்கள். பாரமான நைதரசன் கலந்த உணவில் பற்றீரியாவை வளர்த்து, பிறகு சாதாரண உணவுக்கு மாற்றினார்கள். ஒரு தலைமுறை கழிந்ததும் எல்லா டி.என்.ஏ.யும் நடுத்தரப் பாரமாக இருந்தது. அடுத்த தலைமுறையில் பாதி நடுத்தரம், பாதி இலேசு. பழைய இழை அழியவில்லை, பகிர்ந்து கொடுக்கப்பட்டிருந்தது.

வேகத்தில்தான் வித்தியாசம். ஈ.கோலை தன் வளையத்தில் ஒரே ஓர் இடத்தில் நகலைத் தொடங்கும். அங்கிருந்து இரண்டு பக்கமாகவும் நகலெடுக்கும் பொறிகள் புறப்பட்டு, எதிர்ப்பக்கத்தில் சந்திக்கும். ஒவ்வொன்றும் வினாடிக்கு ஏறத்தாழ 1,000 எழுத்து. 46 இலட்சத்தை முடிக்க 40 நிமிடம் வரை வேண்டும். ஆனால் நல்ல உணவு கிடைத்தால் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை பிரிகிறது. இது எப்படி என்று கேட்டு ரீச்சர் எங்களை ஒரு நாள் முழுவதும் யோசிக்க விட்டார். விடை இதுதான்: ஒரு நகல் முடியுமுன்பே அடுத்த நகல் தொடங்கிவிடுகிறது. பேத்திக்குக் கொடுக்கவேண்டிய நகலைப் பாட்டியின் உடலிலேயே எழுதத் தொடங்கிவிடுகிறார்கள்.

எங்கள் பொறிகள் மெதுவானவை, வினாடிக்கு 50 எழுத்து அளவில்தான் போகும். மணிகளை அகற்றி அகற்றிப் போகவேண்டும். முதலாம் நிறமூர்த்தத்தில் ஏறத்தாழ 25 கோடி எழுத்துச் சோடி. ஒரே இடத்தில் தொடங்கி இரண்டு பக்கமும் போனால் ஒரு மாதம் பிடிக்கும். ஆகவே எங்கள் கலம் பல்லாயிரம் இடங்களில் தொடங்கி, எட்டு மணித்தியாலம் அளவில் முழுவதையும் முடிக்கிறது. ஆனால் கட்டுப்பாடு கடுமை, ஒரு சுற்றில் எந்த இடமும் இரண்டு முறை தொடங்கக்கூடாது. மணிகளும் நூலோடு சேர்ந்தே பங்கிடப்படுகின்றன. பழைய மணிகளில் ஒரு பகுதி இந்த நகலுக்கும் ஒரு பகுதி அந்த நகலுக்குமாகப் போக, குறைந்த இடத்தைப் புதிய மணிகள் நிரப்புகின்றன. எந்தப் பக்கம் மூடியிருந்தது என்ற அடையாளமும் அதனால்தான் அடுத்த கலத்துக்குக் கிடைக்கிறது.

நகலெடுக்கும் நொதியத்துக்கு ஒரு குணம், அது ஒரு திசையில் மட்டுமே எழுதும். இழைகள் இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓடுவதால், ஒன்றைத் தொடராக எழுதலாம், மற்றதைத் துண்டு துண்டாகப் பின்தள்ளிப் பின்தள்ளி எழுதி ஒட்டவேண்டும். இதை 1960களில் யப்பானின் நாகோயா பல்கலைக்கழகத்தில் கண்டறிந்தவர்கள் ரெய்ஜி ஒகசாக்கி, சுனெகோ ஒகசாக்கி தம்பதியர். துண்டுகளுக்கு ஒகசாக்கித் துண்டுகள் என்றே பெயர். ரெய்ஜி ஹிரோஷிமாவில் பிறந்தவர். அங்கே அணுகுண்டின் கதிர்வீச்சுக்கு ஆளானவர், 1975இல் இரத்தப் புற்றுநோயால் 44 வயதில் காலமானார். ஒவ்வொரு துண்டும் ஓர் ஆர்.என்.ஏ. நுனியில் தொடங்குகிறது என்பதை நிறுவும் வேலையைச் சுனெகோ விடாமல் முன்னெடுத்தார். எங்கள் கொப்பியில் ஒகசாக்கி என்று ஒரு பெயர்தான் இருந்தது. அதில் ஒரு பெண்ணும் இருந்தார் என்று பிறகுதான் அறிந்தோம். அதனால்தான் இன்று இரண்டு பெயரையும் சொல்கிறோம்.

துண்டுகளாக எழுதுவதால் ஒரு நட்டமும் உண்டு. வளையத்துக்கு முனை இல்லை, ஆகவே பற்றீரியாவுக்குக் கவலையில்லை. எங்கள் நூலுக்கு முனை உண்டு. கடைசித் துண்டின் நுனியை அகற்றியபின் அந்த இடத்தை நிரப்ப வழியில்லை, ஒவ்வொரு நகலிலும் முனை சற்றுக் குறையும். சாறியின் முனை பிரியாமல் கரையடிப்பதுபோல, ரீ ரீ ஏ ஜீ ஜீ ஜீ என்ற ஆறு எழுத்துகள் ஆயிரக்கணக்கான எழுத்து நீளத்துக்குத் திரும்பத் திரும்ப எழுதப்பட்டு முனையைக் காக்கின்றன. அந்தக் கரையை நீட்டித்தரும் நொதியம் ரெலொமரேஸ். எலிசபெத் பிளக்பேர்ணின் ஆய்வுகூடத்தில் மாணவியாக இருந்த கரோல் கிரைடர், 1984ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று அதன் அடையாளத்தை முதலில் கண்டார். 2009இல் இருவரும் ஜக் சொஸ்டாக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். முட்டைக் கலத்தையும் விந்தையும் உண்டாக்கும் கலங்களில் இந்த நொதியம் வேலை செய்கிறது, எங்கள் பெரும்பாலான மற்றக் கலங்களில் அடங்கியிருக்கிறது. பெரும்பாலான புற்றுநோய்க் கலங்கள் அதைத் திரும்ப எழுப்பிவிடுகின்றன.

இனி, பிறகு சொல்கிறோம் என்ற விஷயம்.

நகலெடுக்கும்போது பிழை வரும். நொதியம் இலட்சம் எழுத்துக்கு ஒன்று அளவில் தவறு செய்கிறது. உடனே பின்னுக்கு வந்து பிழையை அழிக்கிறது. தப்பியதை வேறு புரதங்கள் தேடித் திருத்துகின்றன. எல்லாம் முடிய, ஈ.கோலையின் முழு நூலையும் ஆயிரம் முறை நகலெடுத்தால் ஒரு பிழைதான் மிஞ்சும். மிக நல்ல புள்ளிதான். ஆனால் சலத்தில் கிருமித் தொற்று என்று ஆய்வுகூடம் சொல்லும்போது ஒரு மில்லிலீற்றரில் ஓர் இலட்சம் பற்றீரியாவாவது இருப்பது வழக்கம். அவை ஒருமுறை பிரிய, அந்த ஒரு மில்லிலீற்றரிலேயே நூறு புதிய பிழைகள்.

கைரேஸ் வெட்டி ஒட்டும் கணத்தை நினைவில் வைக்கச் சொன்னோம். சிப்ரோபுளொக்சசின் என்ற குளிசையை உங்களில் பலர் குடித்திருப்பீர்கள். அது வெட்டிய நிலையிலேயே கைரேஸைப் பிடித்துவைத்துவிடும். ஒட்டமுடியாமல் நூல் அறுந்து பற்றீரியா சாகும். எங்கள் கலத்திலும் வெட்டி ஒட்டும் நொதியம் உண்டு, ஆனால் அமைப்பு வேறு. குடிக்கும் அளவில் அந்த மருந்து அதைப் பெரிதாகத் தொடுவதில்லை. அதனால்தான் கிருமி சாக, நாங்கள் பிழைக்கிறோம். மடிக்கும் முறையில் உள்ள வேறுபாடு எங்கள் உயிரைக் காப்பது இப்படித்தான்.

கைரேஸின் ஒரு பகுதியில் 83ஆவது இடத்தில் செரீன் என்ற அமினோவமிலம் இருக்கிறது. நூலில் ஒரே ஓர் எழுத்து, சீ இருந்த இடத்தில் ரீ என்று பிழையாக எழுதப்பட்டால் அங்கே லியூசின் வந்துவிடும். கைரேஸ் வேலை செய்யும், ஆனால் மருந்து அதைச் சரியாகப் பிடிக்காது. நூறு பிழைகளில் இது வருவது அரிதுதான். ஆனால் மருந்தைக் குடிக்கும் நாளில் மற்றதெல்லாம் செத்து, அந்த ஒன்று மட்டும் மிஞ்சும். இருபது நிமிடக் கணக்கு அதற்கும் உண்டு. அடுத்தடுத்து இன்னும் இரண்டொரு பிழை சேர மருந்து முற்றாகத் தோற்கும். பற்றீரியாக்கள் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளும் சிறு வளையங்களும் உண்டு. எதிர்ப்புச் சக்தி அவற்றில் ஏறிப் பக்கத்துக் கிருமிக்கும் போகும்.

எங்களில் ஒருத்தியின் அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது, நீரிழிவும் இருந்தது. ஒரு மாரி காலத்தில் நடுக்கக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சலப் பரிசோதனைத் தாளை எங்களில் ஆய்வுகூடத்தில் வேலை செய்பவளுக்குப் போனில் அனுப்பினோம். சிப்ரோவுக்கு நேரே ‘ஆர்’ என்ற எழுத்து, வேலை செய்யாது என்று அர்த்தம். அதற்குக் கீழேயும் மூன்று ‘ஆர்’. ஊசி மூலம் ஏற்றும் வேறொரு மருந்தால் பதினொரு நாளில் அம்மா வீடு திரும்பினார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் திரும்பவில்லை.

வீட்டைத் துப்புரவாக்கும்போது அம்மாவின் பிஸ்கட் ரின் அகப்பட்டது. உள்ளே பாதி பாதியாக மிஞ்சிய குளிசை அட்டைகள். எரிவு வந்தால் இரண்டு, சுகமானால் நிறுத்து, மிச்சம் ரின்னுக்கு. பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதிலிருந்து கொடுத்திருக்கிறார். அட்டைகளின் பின்பக்கத்தைப் பார்த்தோம். லண்டன், ரொறொன்ரோ, மெல்பேண். யார் அனுப்பியது? நாங்கள்தான். எங்களுக்கு எழுதிக் கொடுத்ததில் மிஞ்சியதை, அம்மாவுக்கு உதவும் என்று பார்சலில் வைத்தவர்கள் நாங்கள். கைரேஸ் என்னவென்று பள்ளியில் படித்த நாங்கள்.

ஆகவே எங்கள் வகுப்பின் வேண்டுகோள் இதுதான். உங்கள் வீட்டிலும் அம்மாவின் வீட்டிலும் அந்த ரின் இருக்கும், தேடிப் பாருங்கள். மிஞ்சிய நுண்ணுயிர்க்கொல்லிகளைப் பாமசியில் திருப்பிக் கொடுங்கள். பார்சலில் அனுப்பாதீர்கள். டொக்டரின் துண்டு இல்லாமல் வாங்காதீர்கள். தடிமனுக்கும் சாதாரண சளிக்கும் கேட்காதீர்கள், அவை பெரும்பாலும் வைரசால் வருபவை, இந்த மருந்துகள் அவற்றைத் தொடாது. எத்தனை நாள் என்று டொக்டர் சொன்னாரோ அத்தனை நாள் குடியுங்கள். முடிந்தால், மருந்து தொடங்குமுன் சலத்தைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

முடிக்குமுன் ஒரு சந்தோஷமான செய்தி.

மணியில் சுற்றாத, முனையில்லாத, பற்றீரியாவினுடையதைப் போன்ற ஒரு வளைய நூல் எங்கள் கலத்திலும் இருக்கிறது. கருவுக்குள் அல்ல, வெளியே இழைமணியில். மூச்சில் எடுக்கும் ஒட்சிசனைக் கொண்டு எங்களுக்குச் சக்தி ஆக்கித் தருவது இந்த இழைமணிதான். அதனுடைய நூல் 16,569 எழுத்துச் சோடி, 37 பரம்பரையலகு. ஏன் அது எங்களைப் போலல்லாமல் பற்றீரியாவைப் போல இருக்கிறது? இழைமணிகள் ஆதியில் பற்றீரியாக்களாக இருந்து இன்னொரு கலத்துக்குள் குடிவந்து நிலைத்தவை என்று லின் மார்குலிஸ் என்ற இளம் பெண் விஞ்ஞானி 1967இல் எழுதினார். பல சஞ்சிகைகள் மறுத்த பிறகே அந்தக் கட்டுரை அச்சேறியது. இன்று அது பாடநூலில் இருக்கிறது.

இந்த வளையம் அப்பாவிடமிருந்து வருவதில்லை. விந்தோடு வரும் இழைமணிகள் அழிந்துவிடுகின்றன. அம்மம்மாவிடமிருந்து அம்மாவுக்கு, அம்மாவிடமிருந்து எங்களுக்கு. மகனுக்கும் கிடைக்கும், ஆனால் அவனோடு நின்றுவிடும். மகள்மார் வழியாகத்தான் தொடரும். இந்த மண்டபத்தில் மூன்று தலைமுறையாக இங்கே படித்த குடும்பங்கள் இருக்கின்றன. அம்மம்மாவும் அம்மாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், அநேகமாக ஓரெழுத்தும் மாறாத அதே வளையம் உங்கள் மூவரிடமும் இருக்கும்.

ரீச்சர் அன்று கொண்டுவந்த நூல்கட்டையை எங்களில் ஒருத்தி முப்பது வருடமாகப் பத்திரமாக வைத்திருந்தாள். இரண்டு இடப்பெயர்வுகளிலும் தொலைக்கவில்லை. அதையும், மணிகள் ஒரு சரையையும், ஒரு வெற்று நெருப்புப் பெட்டியையும் இன்று உயிரியல் ஆய்வுகூட அலுமாரியில் வைக்கிறோம். இப்போது படிக்கும் தங்கைமார் எடுத்துச் சுற்றிப் பாருங்கள். மணியில் சுற்றி வைத்தால் நடுவிலிருந்து ஒரு முழம் சிக்கில்லாமல் எடுக்கலாம். நேற்று நாங்கள் செய்து பார்த்தோம், வந்தது.